நினைவு ஒன்றா? பலவா?

கோலாலம்பூர் மாநகரின் தென்கிழக்கே செராஸ் என்னும் பகுதி உள்ளது. இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைத்தெருக்களும் விரைவு ரயில் நிலையங்களும் செறிந்து விளங்கும் இப்பகுதியைக் கடந்து காஜாங் நோக்கிச் செல்லும் வழியில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயக் குட்டைகளும் பரந்து கிடந்தன. தோட்டத்து லயங்களிற் பிறந்து வளர்ந்து பின்னர் நகருக்குக் குடிபெயர்ந்த முதியோர் பலர், இத்தகைய குடியிருப்புகளில் மக்களோடும் பேரரோடும் வாழ்கின்றனர்.

அவர்களுள் எண்பது வயது கடந்த மூதாட்டி ஒருவரை மனக்கண்முன் நிறுத்துக. காலையில் உண்டோமா என்பது அவருக்கு நினைவில்லை. "பசியாறியாயிற்று, அம்மா" என்று மகள் மூன்று முறை சொல்லியும் நான்காம் முறை கேட்கிறார். அவரே மாரியம்மன் தாலாட்டைத் தொடங்கினால் அடி பிறழாமற் பாடிச் செல்கிறார். "பால்மரம் எப்படிச் சீவுவது, பாட்டி?" என்று பேத்தி ஒரு கத்தியைக் கையிற் கொடுத்தால், மணிக்கட்டு தானாகவே சாய்கிறது, காயம் படாமற் பட்டையை மட்டும் மெல்லியதாக இழுக்கும் அந்த அசைவு, நாற்பது ஆண்டுகள் கழிந்தும் மாறாமல் வருகிறது.

வீட்டார் குழம்புகின்றனர். பாட்டு நினைவிருக்கிறது, தொழில் நினைவிருக்கிறது, காலை உணவு மட்டும் மறந்து போகுமா? "வேண்டியதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார், மற்றவற்றில் நம்மைச் சோதிக்கிறார்" என்று மகன் மனம் நோகிறான். மூதாட்டியோ தாம் பொய்யராகக் கருதப்படுவதை உணர்ந்து கலங்குகிறார். இந்த மனத்தாங்கல் முழுவதும் ஒரு தவறான எண்ணத்திலிருந்து பிறப்பதாகும். நினைவு என்பது ஒரே ஆற்றல். இருந்தால் முழுதும் இருக்கும், போனால் முழுதும் போகும் என்பதே அவ்வெண்ணம். அஃது உண்மையன்று என்பதை உளவியலார் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகச் சான்றுகளோடு நிறுவி வந்துள்ளனர். முதியோரைப் பேணுவோர்க்கு மட்டுமன்றி, வகுப்பறையில் நாள்தோறும் நினைவோடு போராடும் தமிழாசிரியர்க்கும் இவ்வுண்மை பயன்படும்.

குறுநினைவும் நெடுநினைவும்

நினைவை ஒரு களஞ்சியமாக உவமிப்பது பழைய வழக்கம். கற்றவை யாவும் அதில் இடப்படும், வேண்டும்போது எடுக்கப்படும், ஓட்டை விழுந்தால் ஒழுகிவிடும். இவ்வுவமை எளிது, ஆனால் போதாது. 1890 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், நெஞ்சில் இப்பொழுது நிற்கும் நினைவையும், அங்கிருந்து மறைந்து மீண்டும் அழைக்கப்படும் நினைவையும் வேறுபடுத்திக் காட்டினார். தொலைபேசி எண் ஒன்றைக் கேட்டு, அழைத்து முடிக்கும் வரை வாய்க்குள் உருப்போட்டு, உடனே மறந்துவிடுவது குறுங்கால நினைவு. தாய்மொழியும், பள்ளியிற் பயின்ற வாய்பாடும், திருமண நாளும் ஆண்டுக்கணக்கில் நிற்பது நெடுங்கால நினைவு.

இந்த நெடுங்கால நினைவாவது ஒரே தன்மையதா என்னும் வினாவிற்கு விடை எந்த ஆய்வுக்கூடத்திலும் திட்டமிட்டுப் பெறப்படவில்லை. ஓர் இளைஞனின் துன்பத்திலிருந்து அது கிடைத்தது.

ஒரு நோயாளி காட்டிய உண்மை

ஹென்றி மொலைசன் என்பவர் 1926 இல் அமெரிக்காவிற் பிறந்தவர். இளமை முதற் கடுமையான வலிப்பு நோயால் வருந்தினார். 1953 ஆம் ஆண்டில், அவருடைய 27 ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்னும் அறுவை மருத்துவர் அவரது மூளையின் இருபுறத்தும் காதுக்கு உட்புறமாக அமைந்த சில பகுதிகளை அகற்றினார். கடற்குதிரையின் வடிவை ஒத்ததால் ஹிப்போகாம்பஸ் எனப் பெயர் பெற்ற பகுதியிற் பெரும்பங்கும் அவற்றுள் அடங்கும். வலிப்புத் தணிந்தது. ஆயின் அன்று தொட்டு 2008 இல் அவர் மறையும் வரை, புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நெஞ்சில் தங்கவில்லை. சற்று முன் பேசியவர் அறையை விட்டு வெளியே சென்று திரும்பினால் புதியவராகவே தோன்றுவார். இளமை நினைவுகள் பல இருந்தன, மொழி இருந்தது, அறிவுக்கூர்மையும் குறையவில்லை.

மாண்ட்ரியல் நகரத்து ஆய்வாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பணி தந்தார். தாளில் வரையப்பட்ட விண்மீன் வடிவத்தின் விளிம்பை, கண்ணாடியில் தெரியும் நிழலை மட்டும் பார்த்துப் பென்சிலாற் பின்பற்ற வேண்டும். கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரிவதால் எவருக்கும் முதலிற் கை தடுமாறும். மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் கை நன்கு தேறியது. பிழைகள் மிகவும் குறைந்தன. ஆயினும் ஒவ்வொரு நாளும் அவர், அப்பணியைத் தாம் முன்பு செய்ததே இல்லை என்று கருதினார். கற்றதைக் கை அறிந்திருந்தது. கற்றோம் என்பதை நெஞ்சு அறியவில்லை.

இரண்டும் ஒரே நினைவாக இருந்தால் இவ்வாறு பிரிந்து நிற்றல் இயலாது. ஆகவே நெடுங்கால நினைவை உளவியலார் இரு பெரும் பிரிவாக்கினர். இன்னது என்று வாய்விட்டுச் சொல்லக்கூடியது வெளிப்படை நினைவு. சொல்ல இயலாமற் செயலிலும் உணர்விலும் மட்டும் வெளிப்படுவது உள்ளுறை நினைவு. அகப்பாடல்களில் உள்ளுறை உவமத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இப்பெயர் புதிதாகத் தோன்றாது. அங்கே சொல்லப்படாத பொருள் உள்ளே இருந்து பாட்டை நடத்துவது போல, இங்கே அறியப்படாத நினைவு உள்ளே இருந்து மனிதனை நடத்துகிறது.

நிகழ்ச்சி நினைவும் பொருள் நினைவும்

வெளிப்படை நினைவையும் இரண்டாகப் பகுக்க வேண்டும் என்று 1972 ஆம் ஆண்டில் எண்டெல் டல்விங் என்னும் கனடிய அறிஞர் எடுத்துரைத்தார். ஒருவர் தம் வாழ்வில் இன்ன இடத்தில், இன்ன காலத்தில் கண்டதையும் பட்டதையும் மீண்டும் உள்ளே சென்று காண்பது போல நினைப்பது நிகழ்ச்சி நினைவு. உலகத்தைப் பற்றிய செய்தியை, எங்கே எப்போது கற்றோம் என்பது இல்லாமலே அறிந்திருப்பது பொருள் நினைவு. மலேசியா 1963 இல் உருவாயிற்று என்பதை ஒரு மாணவன் அறிவது பொருள் நினைவு. அதை ஆசிரியர் சொன்ன அன்று வெளியே மழை கொட்டியதை நினைப்பது நிகழ்ச்சி நினைவு.

இப்பகுப்புக்கு வலுவான சான்று கனடாவைச் சேர்ந்த கென்ட் காக்ரேன் என்பவரால் கிடைத்தது. 1981 இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவரது மூளை பெரிதும் சிதைந்தது. அதன் பின்னர்த் தம் குடும்பத்துக்குக் கோடைக்கால வீடு ஒன்று உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்; அது இருக்கும் இடத்தையும் வரைபடத்திற் காட்டினார். அவ்வீட்டிற் கழித்த ஒரு நாளையேனும் அவரால் நினைவுகூர முடியவில்லை. நாளை என்ன செய்வீர் என்று வினவினால், அதற்கும் உள்ளம் வெறுமையாகவே இருந்தது. சென்ற நாளைக் காணும் ஆற்றலும் வரும் நாளைக் கற்பனை செய்யும் ஆற்றலும் ஒரே வேரின என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. நெற்றிப்பொட்டை அடுத்துள்ள மூளைப் பகுதிகள் தேயும் ஒருவகை மறதி நோயிற் சொற்களின் பொருளே அழிகிறது. கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அது யாதென அறியாதவர், நேற்று வீட்டுக்கு வந்த விருந்தினரைப் பற்றி ஓரளவு சரியாகவே கூறுவார். ஒன்று அழிய மற்றொன்று நிற்பதும், மற்றொன்று அழிய இது நிற்பதும், இரண்டும் வேறு வேறு என்பதற்குச் சான்றாகும்.

உள்ளுறை நினைவின் வகைகள்

உள்ளுறை நினைவிலும் வகைகள் உள. முதலாவது செய்திறன் நினைவு. மிதிவண்டி ஓட்டுதல், பூத்தொடுத்தல், மிருதங்கம் வாசித்தல், மரம் சீவுதல் ஆகியன இதன்பாற்படும். இதற்குச் சிறுமூளையும், மூளையின் அடித்தளத்திலுள்ள நரம்புத் திரள்களும் பெரிதும் துணை நிற்கின்றன. ஹிப்போகாம்பஸ் சிதைந்தாலும் இது பிழைத்திருக்கும். மெல்லக் கற்கப்படுவது, மெல்லவே மறப்பது.

இரண்டாவது, முன்பட்டது பின்னதை எளிதாக்குதல். ஒரு சொல்லைச் சற்று முன் கண்டவர், அதைக் கண்டதையே மறந்திருந்தாலும், அதன் முதல் எழுத்துகளைக் காட்டி நிரப்பச் சொன்னால் அச்சொல்லையே எளிதிற் கூறுவார். மறதி நோயாளரிடத்தும் இவ்வியல்பு நிலைத்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

மூன்றாவது, உணர்ச்சியோடு பிணைந்த பழக்கம். ஜெனீவாவைச் சேர்ந்த எடுவார் கிளாபரேட் என்னும் மருத்துவ அறிஞர் 1911 இல் வெளியிட்ட குறிப்பு ஒன்று புகழ்பெற்றது. நாள்தோறும் காணும் மருத்துவரையே அடையாளம் அறியாத ஒரு மறதி நோயாளி அம்மையாரோடு கைகுலுக்கும்போது, அவர் தம் விரலிடையில் ஓர் ஊசியை மறைத்து வைத்துக் குத்தினார். அடுத்த முறை கை நீட்டியபோது அம்மையார் தம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் என்று வினவியதற்கு, முன்பு குத்தியதைச் சொல்ல அவரால் இயலவில்லை. நிகழ்ச்சி மறைந்தது; அச்சம் எஞ்சியது.

இச்செய்தியை ஆசிரியர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மனப்பாடம் ஒப்பிக்கத் தவறிய சிறுவனைப் பலர் முன் இழிவுபடுத்தினால், அன்றைய செய்யுளையும், இழிவுபடுத்திய நாளையும்கூட அவன் மறந்துவிடக்கூடும். தமிழ்ப் புத்தகத்தைக் கண்டதும் உள்ளே சுருங்கும் அந்தச் சுருக்கம் மட்டும் மறையாமல் நிற்கும். வளர்ந்த பின், "எனக்கு ஏனோ தமிழ் வரவில்லை" என்று அவன் சொல்வான். ஏன் என்று அவனாலும் சொல்ல முடியாது.

அவதானியாரின் ஆற்றல்

இங்கே ஓர் ஐயம் எழலாம். தமிழ்நாட்டிற் புகழ்பெற்ற அவதானக் கலையர், நினைவு முழுவதையும் ஒருங்கே வளர்த்தவர்கள் அல்லரோ? நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றுப் பகுதியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), 1907 இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு பொருளில் ஒருசேரக் கவனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்திக் காட்டியவர். இவ்வகைக் கலையில் மணியோசையை எண்ணுவதும், முதுகில் எறியப்படும் சிறு பொருள்களைக் கணக்கிடுவதும், ஈற்றடி தந்தால் வெண்பாவை முடிப்பதும், கேட்ட ஐயங்களுக்கு விடை இறுப்பதும் மாறி மாறி நடைபெறும்.

இவ்வாற்றல் எவ்வாறு இயல்கிறது என்பதைச் சென்னையிற் பிறந்த இராஜன் மகாதேவன் என்பவரைக் கொண்டு ஓரளவு அறியலாம். இவர் 1981 இல் மங்களூரில், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய 'பை' என்னும் எண்ணின் 31,811 இலக்கங்களை நினைவிலிருந்து ஒப்பித்து உலகச் சாதனை படைத்தவர். பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியலார் இவரை ஆராய்ந்தனர். எண்களை நினைவு கொள்வதில் இணையற்று நின்ற இவருக்கு, எண் அல்லாத குறிகளை வரிசையாகக் காட்டியபோது, முதலில் ஆறு அளவிலேயே நினைவு நின்றது என்று 2004 இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. கல்லூரி மாணவர்க்கும் ஏறக்குறைய அவ்வளவே. அக்குறிகளை எண்களாக மாற்றிக் கொள்ளும் வழியைக் கண்ட பின்னரே அவர் முன்னேறினார்.

இதனாற் பெறப்படுவது யாது? நினைவு, எதைத் தூக்கினாலும் வலுக்கும் புயம் போன்றதன்று. எண்ணிற் பயின்றவர்க்கு எண்ணும், யாப்பிற் பயின்றவர்க்குச் செய்யுளும் நிற்கும். வெண்பாவின் சீரும் தளையும் செய்திறன் நினைவாகவே ஊறியிருந்தால், அவதானியின் கவனம் அவற்றிற் செலவாகாமல் மணியோசைக்கும் வினாவுக்கும் எஞ்சும். பழகிய துறையில் நெடுங்கால நினைவே குறுங்கால நினைவுக்குக் கைகொடுக்கிறது.

மனப்பாடமும் நன்னூல் நெறியும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் என்னும் கூறு உள்ளது. ஆத்திசூடி முதற் குறள் வரை பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். மனப்பாடம் தேவையா என்னும் வழக்கு ஆசிரியரிடையே நெடுநாளாக நடந்து வருகிறது. "மனப்பாடம் நினைவாற்றலை வளர்க்கும்" என்பர் ஒரு சாரார். "பொருளறியா உருப்போடுதல் வீண்" என்பர் மறு சாரார். நினைவின் வகைகளை அறிந்தார்க்கு இருவர் கூற்றும் பாதி உண்மையாகவே தோன்றும்.

மனப்பாடம் பொது நினைவாற்றலை வளர்ப்பதில்லை. மேலே கண்ட சான்று அதனைக் காட்டும். ஆயினும் அது வீணன்று. ஓசையோடு பலகாற் சொல்லிய குறள், நாவின் பழக்கமாக ஊறிவிடுகிறது. பொருளும் உடன் சேர்ந்தால் அது பொருள் நினைவிலும் இடம் பெறும். வாழ்க்கையில் ஒருநாள் அக்குறளுக்கு உரிய சூழல் நேர்ந்து, அதை அவன் தானே எண்ணிக்கொண்டால், நிகழ்ச்சி நினைவும் வந்து கூடும். மூன்று வேர் ஊன்றிய மரம் எளிதிற் சாயாது. ஒரே வேரில் நிற்பது தேர்வு முடிந்ததும் சாயும்.

எவ்வாறு ஊன்றச் செய்வது? 1885 இல் ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை அளந்தார். ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே கற்றதன் பயனிற் பாதிக்கு மேல் தேய்ந்தது. பின்னர்த் தேய்வு மெல்ல நடந்தது. பொருளற்றதை ஒரே மூச்சிற் கற்றால் நிலைமை இதுதான். 2006 இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் கல்லூரி மாணவரைக் கொண்டு வேறொன்றைக் கண்டனர். ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தவர் ஒரு வாரத்தின் பின் 42 விழுக்காடு நினைவுகூர்ந்தனர். ஒருமுறை படித்து, பின் நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர் 56 விழுக்காடு நினைவுகூர்ந்தனர். மீண்டும் உள்ளே இடுவதினும், உள்ளிருந்து எடுக்க முயல்வதே நினைவை வலுப்படுத்துகிறது.

தமிழாசிரியர்க்கு இது பழைய செய்தியாகவே தோன்றும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பொதுப்பாயிரத்தில், நூலை இருமுறை கேட்டால் பிழை நீங்கும், மும்முறை கேட்டால் முறையறிந்து உரைக்கலாம் என்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையிற் காற்பங்குதான் வரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்றும் அவர் கணக்கிட்டார். அக்கணக்கு ஆய்வுக்கூடத்தில் அளந்ததன்று. ஆயினும் நெறி ஒன்றே. கேட்டவன் பிறர்க்குச் சொல்லும்போது, தன் உள்ளிருந்து எடுத்தாக வேண்டும். வகுப்பிற் கற்ற குறளைப் பிள்ளை வீட்டில் தன் பாட்டிக்கு விளக்குமாறு ஏவுதல், பத்து முறை எழுதச் செய்வதினும் சிறந்த வீட்டுப்பாடம் எனலாம்.

முதியோர் நினைவும் மக்கள் வரலாறும்

அந்தப் பாட்டியின் நினைவும் இங்கே கருதத்தக்கது. 1942 இல் ஜப்பானியர் தொடங்கி 1943 இல் முடித்த சயாம் – பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். மிகப் பலர் மீளவில்லை. மீண்டவர்க்கு அது நிகழ்ச்சி நினைவு: பசியும் காய்ச்சலும் காட்டின் ஈரமும் உடனிருந்து வருத்திய நினைவு. பேரர்க்கோ அது கேட்டறிந்த பொருள் நினைவு மட்டுமே. நிகழ்ச்சி நினைவு உடையவரோடு மறையும். அவர் பிறர்க்குச் சொல்லியது மட்டுமே பொருள் நினைவாக எஞ்சும். சொல்லப்படாதது அவரோடு போய்விடும்.

கேட்டு எழுதுவோர் ஓர் எச்சரிக்கையும் கொள்ளல் வேண்டும். நினைவு ஒளிப்படம் அன்று. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் உள்ளம் அதனைப் புதிதாகக் கட்டுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் பார்ட்லெட் 1932 இலேயே காட்டினார். ஆண்டும் எண்ணிக்கையும் பிறழலாம். ஆகவே முதியோர் கூற்றை ஆவணங்களோடும் பிறர் கூற்றோடும் ஒப்பிட்டுக் கொள்க. அதன் பொருட்டு அக்கூற்றையே தள்ளிவிடல் ஆகாது. எந்த ஆவணத்திலும் இல்லாத அன்றாட வாழ்வு அங்கேதான் உள்ளது.

செராஸ் வட்டாரத்தில் 1997 முதல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை இயங்கி வருகிறது. அப்பல்கலைக்கழக ஆய்வாளர் நாட்டின் முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்டு அறிவாற்றலின் தேய்வை ஆராய்ந்துள்ளனர். மறதியை 'வயதானால் அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுதல் நன்று. மறதியுட் சில, மருந்தின் விளைவாகவோ தைராய்டு, பி12 உயிர்ச்சத்துக் குறைகளாலோ மனச்சோர்வாலோ நேர்வன. அவற்றைச் சீர்செய்யவும் கூடும். அல்சைமர் நோயாயின், அது பெரும்பாலும் ஹிப்போகாம்பஸை அடுத்த பகுதியில் தொடங்குகிறது. எனவே புதிய நிகழ்ச்சி நினைவு முதலிற் குன்றும். பழைய பாட்டும் கைப்பழக்கமும் நெடுநாள் நிற்கும்.

முதலிற் கண்ட மூதாட்டியின் நிலை இப்போது தெளிவாகும். அவர் சோதிக்கவில்லை, நடிக்கவுமில்லை. காலை உணவைப் பற்றிய செய்தி அவருள் பதியவே இல்லை. பதியாததை எடுக்க எவராலும் இயலாது. "இப்போதுதானே சொன்னேன்!" என்று மகன் கடிந்தால், அவன் சொல் மறையும், கடிந்த குரலின் வடு மட்டும், காரணம் அறியாத அச்சமாக அவருள் நிற்கும். நான்காம் முறையும் முதன்முறை போல விடை தந்து, பின் "அந்தத் தாலாட்டைப் பாடுங்கள், அம்மா" என்று கேட்பானாயின், அன்பும் அவ்வாறே, காரணம் அறியாத ஆறுதலாக நிற்கும். பேத்தி அருகிருந்து அப்பாட்டைக் கற்றுக்கொள்வாளாயின், ஒரு நெஞ்சில் தேயும் நினைவு மற்றொரு நெஞ்சில் வேரூன்றும்.